சொல்லிடறேன்காரர் வீடு

பழைய ஃபிரிட்ஜ் வாங்க வருகிறவர்கள் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் திறப்பார்கள். விளக்கு எரிகிறதா, முட்டை வைக்கிற தட்டு முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தலையை உள்ளே விட்டு மோந்தும் பார்ப்பார்கள். இந்தக் கடையில் அது நடக்காது. மெக்கானிக் யாரையும் கதவுப் பக்கமே விடமாட்டார். "முதல்ல இப்படி வாங்க" என்று சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே இருக்கிற சந்துக்குள் கூட்டிப் போய்க் குத்துக்காலிட்டு உட்காரவைத்து, டார்ச் அடித்துக் காட்டுவார்.

"இதோ பாருங்க, இங்க துரு. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சிருக்கேன். கம்ப்ரசர் இதோடது இல்ல, வேற பெட்டியில இருந்து எடுத்துப் போட்டது. கொஞ்சம் சத்தம் போடும். சொல்லிடறேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

இப்படிச் சொன்னால் வியாபாரம் உருப்படுமா? பாதிப் பேர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "வீட்ல கேட்டுட்டு வர்றேங்க" என்று நடையைக் கட்டிவிடுவார்கள். மீதிப் பாதி வாங்கிக்கொண்டு போய், அடுத்த தடவை மச்சினனையோ மாமியாரையோ கையோடு கூட்டிக்கொண்டு வருவார்கள். அந்த மீதிப் பாதியால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. தெருவில் அவருக்குச் சொல்லிடறேன்காரர் என்றே பட்டப்பெயர். அவருக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட.

அவர் மனைவி ரப்பரக்கா. கதவு ரப்பர் வேலை முழுக்க அவள் இலாகா. கோணிப் போன ரப்பரை வெந்நீரில் போட்டு, இளகியதும் எடுத்துக் கதவோரத்துக் காடிக்குள் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி உட்காரவைப்பாள். பிறகு ஒரு துண்டுத் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பாள். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் மறுபடியும் வெந்நீர். அவள் விரல்கள் எப்போதும் ஊறிப் போயிருக்கும். வாய் மட்டும் ஓயாது. ஃபிரிட்ஜ் கடை என்றால் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏழெட்டுப் பெட்டிகள் சோதனைக்கு ஓடிக்கொண்டிருக்கும்; அத்தனையும் முதுகு வழியாகச் சூட்டைக் கக்கும். வெயில் காலத்தில் அந்தக் கடைக்குள் நிற்பதும் அடுப்படியில் நிற்பதும் ஒன்றுதான். ஆனால் தெருவுக்கு அதனால் ஆதாயம். சோதனைக்கு ஓடுகிற பெட்டிகளில் யார் யார் வீட்டுப் பாலோ, மீனோ, கண் சொட்டு மருந்தோ இருக்கும். பெட்டி விற்றுப் போனால் அதையெல்லாம் அடுத்த பெட்டிக்கு மாற்றுவது பாப்பாவின் வேலை.

பாப்பா என்றால் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்தேழு வயது மகள். குழாய் பற்றவைப்பது, கேஸ் ஏற்றுவது எல்லாம் அவள்தான். அப்பாவைவிடக் கை சுத்தம் என்று அப்பாவே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவார். அவரால் எதையும்தான் வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியாதே.

இந்த வீட்டுக்கு வினை வந்தது மெக்கானிக்கின் அக்கா வழியாக. அதாவது ரப்பரக்காவின் நாத்தனார். அந்த அம்மாளுக்கு ஒரு வருஷமாக வயிறு சரியில்லை. மலத்தில் ரத்தம் போயிருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடலில் புற்று. ஒரு முழத்துக்குமேல் வெட்டி எடுத்தார்கள். அந்த அம்மாளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. இருந்த ஒரே வீடும் கைமாறிப் போய், மகனோடு வாடகைக்குக் குடி வந்தார். ரப்பரக்கா அதைக் கண்ணால் பார்த்தவள். சாமான்களை இறக்கிவைக்கக் கூடமாட நின்றவள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். எல்லோரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"இது சாப்பாட்டால வந்தது இல்லம்மா. பொறக்கும்போதே கூட வர்ற மரபணுக் கோளாறு. அம்மாகிட்ட இருந்தோ அப்பாகிட்ட இருந்தோ வந்திருக்கும். கூடப் பொறந்தவங்களும் ரத்தம் குடுத்துப் பார்த்துடறது நல்லது."

அவர் வாயை மூடுவதற்குள் மெக்கானிக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நீட்டிவிட்டார். "எடுத்துக்குங்க டாக்டர்."

"இப்பவே இல்லைங்க, கீழ லேப்ல" என்று டாக்டர் சிரித்தார்.

மெக்கானிக்குக்கும் அந்தக் கோளாறு இருந்தது. ஆனால் கேமரா விட்டுப் பார்த்ததில் குடல் சுத்தமாக இருந்தது. "வருஷா வருஷம் இப்படிப் பார்த்துடுங்க. சின்னக் கட்டியா இருக்கிறப்பவே கிள்ளி எடுத்துட்டா அது நோயே இல்ல" என்றார் டாக்டர். "உங்க பொண்ணுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. இந்த வகை சின்ன வயசுலயே வரும், சொல்ல முடியாது. அவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

பார்த்துக்கொண்டே இருந்தால் பயமில்லை என்கிற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். வருகிற வழியில் டீக்கடையில் நின்று, எனக்குள்ள ஒரு ஜீன் இருக்குதாம், ஆனா குடல் கண்ணாடி மாதிரி இருக்குதாம் என்று சொல்லவும் செய்தார். "அதையெல்லாம் எதுக்குண்ணே டீ குடிக்கிற இடத்துல" என்றார் டீக்கடைக்காரர்.

பாலிசி தம்பி வந்தது நல்ல மழைக்காலத்தில். மழைக்காலத்தில் ஃபிரிட்ஜ் வாங்க நாய்கூட வராது. மெக்கானிக் ஒரு கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கோட்டை வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே வந்த பாலிசி தம்பி, சூடாக இருந்த ஒரு பெட்டியின் முதுகில் கையை வைத்துக் குளிர் காய்ந்தான். பல வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு அவன்தான் இன்சூரன்ஸ் பார்க்கிறவன். பழைய திட்டத்தைக் கம்பெனி மூடிவிட்டது, புதுத் திட்டத்துக்கு மாற வேண்டும், அதற்கு முதலிலிருந்து கேள்வி கேட்டு எழுத வேண்டும் என்றான்.

"ஷுகர்?"

"இல்ல."

"பிரஷர்?"

"இல்ல."

"ஆபரேஷன் ஏதாவது?"

"சின்ன வயசுல விரல்ல தையல் போட்டாங்க."

"அதெல்லாம் வேண்டாம்ணே. பரம்பரை நோய் ஏதாவது? இல்லைன்னு போட்டுக்கறேன்."

"இருங்க தம்பி. இருக்கு."

பாலிசி தம்பியின் பேனா நின்றது. அவனுக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. அந்த டீக்கடையில் அவனும்தான் டீ குடிக்கிறான்.

"உங்களுக்கு நோய் இல்லையேண்ணே. சுத்தமா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்ல."

"நோய் இல்ல. ஜீன் இருக்கு. அதைத்தானே பரம்பரைன்னு கேட்கறாங்க?"

"கேட்கறாங்கதான். அண்ணே, ஒண்ணு பண்ணுவோம். இந்தக் கேள்விய நான் கேட்கவே இல்லைன்னு வெச்சுக்குங்க. நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்து அடுத்த கேள்விக்குப் போறேன்."

"வாங்கறவன் குனிஞ்சு பின்னாடி பார்க்க மாட்டான்னு நெனச்சு வித்தா, அது வியாபாரமா தம்பி?"

"இங்க நீங்க விக்கலைண்ணே. வாங்கறீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கு எனக்கு ஒரு பெரிய செலவு வந்தா அவங்கதான் குடுக்கப் போறாங்க. என்ன வரும்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? எங்க அக்காவுக்கு வந்தது, எந்த ஆஸ்பத்திரி, எனக்கு டெஸ்ட்ல வந்தது, எல்லாத்தையும் எழுதிக்குங்க. சொல்லிடறேன், அப்புறம் சொல்லலைன்னு ஒரு பேச்சு வரக் கூடாது."

பாலிசி தம்பி ரப்பரக்கா பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்."

அவள் வெந்நீரில் கையை விட்டுக்கொண்டே சிரித்தாள். "அவர் எப்பத் தம்பி எதையாவது சொல்லாம விட்டிருக்கார்? கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பார்க்க வந்தப்பவே, எனக்குக் குறட்டை உண்டுன்னு எங்கப்பாகிட்ட சொன்ன ஆளு."

அப்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷமே இருந்தது. ஊரெல்லாம் புளுகுகிறபோது தன் புருஷன் ஒருத்தன் இப்படி இருக்கிறானே என்கிற கர்வம். பின்னால் எத்தனையோ தடவை அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அவளுக்கு உடம்பு பற்றிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம். வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டாவது பேச்சை மாற்றியிருக்கலாம்.

பதிலையும் பாலிசி தம்பிதான் கொண்டுவந்தான். மழை விட்டிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல், போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணனைச் சேர்த்துக்கிட்டாங்க. ஆனா குடல், வயிறு, எந்தப் புற்றுநோயா இருந்தாலும் சரி, குடுக்க மாட்டாங்க. வருஷ கேமராவுக்கும் கிடையாது."

"அப்புறம் எதுக்குக் குடுப்பாங்க?" என்று கேட்டாள் பாப்பா. கையில் பற்றவைக்கிற கம்பி.

"காய்ச்சல் உண்டு. விபத்து உண்டு. பாம்பு கடிச்சா உண்டு." அவன் கேலி செய்யவில்லை, பார்த்துத்தான் படித்தான். "உனக்கும் அதேதான் பாப்பா."

"எனக்கு எதுக்கு? நான் டெஸ்டே எடுக்கலையே."

"அதான். அப்பாவுக்கு இருக்கிறதால உனக்கும் இருக்கிற மாதிரிதான் எடுத்துக்குவாங்களாம். டெஸ்ட் எடுத்து, இல்லைன்னு கொண்டுவந்தா முழுசா சேர்த்துக்குவாங்க."

"இருக்குன்னு வந்தா?"

பாலிசி தம்பி மென்று முழுங்கினான். "வந்தா ஆயுசுக்கும் இப்படித்தான். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்பாங்க."

மெக்கானிக் பிரித்துப் போட்ட சாமான்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து வைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்தவைதான்.

அதோடு போயிருந்தால்கூட இது ஒரு வீட்டுத் துக்கம். நாத்தனார் மகனுக்கும் அதே கம்பெனியில்தான் பாலிசி. அம்மாவுக்கு அவன் எடுக்கவில்லையே தவிர, தனக்கும் மனைவிக்கும் எடுத்து, புதுத் திட்டத்துக்கு மாறும்போது பரம்பரை நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். மெக்கானிக் அக்கா பெயரையும் ஆஸ்பத்திரியையும் எழுதிக் கொடுத்தாரே, அது எப்படியோ சுற்றி வந்து அவன் தலையிலும் விழுந்தது. உன் அம்மாவுக்கு இருந்ததை நீ மறைத்துவிட்டாய், உன் பாலிசி செல்லாது என்று அவனுக்குக் கடிதம் வந்துவிட்டது.

நாத்தனார் ஆட்டோ பிடித்துக் கடைக்கே வந்தார். வற்றிப் போயிருந்தார். இறங்கும்போது கைத்தாங்கலுக்குப் போன ரப்பரக்காவின் கையைத் தள்ளிவிட்டார்.

"டேய், என் குடலை அறுத்தது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அதைப் போய் எதுக்குடா கம்பெனிக்காரன்கிட்ட ஒப்பிச்சே?"

"கேட்டாங்கக்கா."

"கேட்டா? உன்கிட்ட கேட்டா உன் கதையச் சொல்லு. என் பேரை எதுக்குச் சொன்னே? அவன் என்னடா பாவம் பண்ணினான் என் மகன்? நாளைக்கு அவனுக்கு வந்தா விக்கறதுக்கு ஒரு வீடுகூட இல்லையேடா, அதையும் நான் தின்னுட்டேனே."

"அண்ணி, உட்காருங்க. கொஞ்சம் கஞ்சி வெச்சிருக்கேன், குடிச்சுட்டுப் பேசுங்க" என்றாள் ரப்பரக்கா.

"உன் கஞ்சிய நீயே குடி. கூடவே உட்கார்ந்திருந்தேல்ல, இவன் வாயைப் பொத்தறதுக்கு என்ன?"

"நான் பொய் எதுவும் சொல்லலையேக்கா" என்றார் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அதான்டா என் வயிறு எரியுது. பொய் சொல்லியிருந்தா ரெண்டு அறை விட்டு மன்னிச்சிருப்பேன். உண்மையச் சொல்லிட்டு நிக்கற உன்னை நான் என்னடா பண்றது?"

வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. வெயில் ஆரம்பிப்பதற்குள் நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். மெக்கானிக் இரண்டு தடவை பார்க்கப் போனார். இரண்டு தடவையும் அந்த அம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை போனபோது ஆள் இல்லை. அக்கா மகன் மாமாவோடு பேசவில்லை. மெக்கானிக் சவ ஊர்வலத்தில் கடைசியாக நடந்துபோய்விட்டு, கடைசியாகத் திரும்பி வந்தார்.

இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் போகலாம் என்றது பாப்பாதான். விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் போனார்கள். யாராவது ஒருவருடைய பால் கெட்டுவிடக் கூடாது என்று பெட்டிகளை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். நீளமான பெஞ்சு, தலைக்கு மேல் கிறீச்சிடும் விசிறி, அவரவர் மடியில் அவரவர் பை. ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் ரப்பரக்கா. யாரும் அதைப் பிரிக்கவில்லை.

அதிகாரி நல்ல மனுஷர். அதைச் சொல்லத்தான் வேண்டும். எரிந்து விழுகிற ஆளாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"கம்பெனி அவங்களா எதையும் கண்டுபிடிக்கலையே. நீங்க சொன்னதை வெச்சுத்தான் முடிவெடுத்திருக்காங்க."

"எனக்கு நோய் வரலை சார். வரலாம், அவ்வளவுதான்."

"வரலாம்னா எல்லாருக்கும்தான் சார் ஏதாவது வரலாம்" என்றாள் பாப்பா. "மத்தவங்களுக்கு என்ன வரும்னு தெரியாது, எங்கப்பாவுக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டதுக்கா தண்டனை? பொறக்கும்போது கூட வந்ததுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நியாயம்தாம்மா. ஜீனை வெச்சு யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வேணும்னு நிறையப் பேர் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. நானே மேல எழுதியிருக்கேன். ஆனா அப்படி ஒண்ணு வர்ற வரைக்கும் என் கையில எதுவும் இல்ல."

"எப்ப சார் வரும்?"

"எனக்குச் சொல்லத் தெரியலைம்மா." பிறகு மெக்கானிக் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க ஐயா. நீங்க மட்டும் சொல்லாம இருந்திருந்தா இப்படி ஒரு கேஸே இல்ல."

"சொல்லாம இருந்து, பின்னாடி தெரிய வந்தா?"

"பாலிசியே செல்லாதுன்னுடுவாங்க."

"அப்ப சொன்னாலும் கிடையாது, சொல்லலைன்னாலும் கிடையாது."

"ஆமா" என்றார் அதிகாரி. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அப்படித்தான் வருது."

பஸ்ஸில் திரும்பும்போது பாதி வழி வரை மெக்கானிக் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு முன் சீட்டில் இருந்த மகளிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"பாப்பா, நீ ரத்தம் குடுத்துப் பார்த்துடேன். பாதிக்குப் பாதின்னாங்கல்ல. இல்லைன்னு வந்துட்டா உனக்காவது முழுசா கிடைச்சிடும்."

"இருக்குன்னு வந்தா என்னப்பா பண்றது?"

"சோப்பு நுரை போட்டுப் பார்க்காம நீ கேஸ் ஏத்துவியா?"

"மாட்டேன். நுரை போட்டு எங்க குமிழி வருதோ அங்க ஓட்டை. ஓட்டைய அடைக்க என்கிட்ட கம்பி இருக்கு, நெருப்பு இருக்கு. அதனால போட்டுப் பார்க்கறேன். இங்க ஓட்டைன்னு தெரிஞ்ச அன்னைக்கே அடைக்கறதுக்கு வழியில்லாமப் பண்ணிடறாங்க. அப்புறம் எதுக்குப்பா நுரை?"

ரப்பரக்கா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக நீட்டினாள். பசி இல்லாமலே தின்றார்கள்.

அவர் அந்த வருஷம் கேமராவுக்குப் போகவில்லை. கைக்காசைப் போட்டுச் செய்கிற காரியமா அது? அடுத்த வெயிலுக்குப் பார்த்துக்கலாம், வியாபாரம் சூடு பிடிக்கட்டும் என்றார். ரப்பரக்காவும் வற்புறுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் பயமில்லை என்று டாக்டர் சொன்னதை இப்போது அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

பாப்பா வேறொரு காரியம் செய்தாள். அந்த வெயில் முடிவதற்குள் ஒரு மத்தியானம், அப்பா பழைய பெட்டி பார்க்க வெளியூர் போயிருந்தபோது, அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனைத் திறந்தாள். வேறு கம்பெனி. ஆள் வர வேண்டாம், பாலிசி தம்பி வேண்டாம், கேள்விகள் எல்லாம் போனிலேயே வந்தன. ரப்பரக்கா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று வந்தபோது பாப்பாவின் கட்டை விரல் அந்தரத்தில் நின்றது.

"போடு" என்றாள் ரப்பரக்கா.

"அம்மா."

"இல்லைன்னு போடு. உங்க அத்தை போய்ச் சேர்ந்துட்டாங்க, அவங்க வந்து கேட்கப் போறதில்ல."

சொன்ன உடனே நாத்தனாரின் முகம் கண்ணில் வந்து நின்றது. பாப்பா இல்லையை அழுத்தினாள். அந்த வீட்டிலிருந்து வெளியே போன முதல் பொய் அதுதான். அதற்குப் பிறகு எல்லாமே சுலபமாக இருந்தது. முதல் இரண்டு வருஷம் கட்டி, புற்று என்று எதற்கும் தர மாட்டார்கள். அதைத் தாண்டி வந்தால் தருவார்கள். ஆனால் அதற்கு முன்னால் எந்த டாக்டரும் எங்கேயும் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாது. ஏற்கெனவே இருந்தது என்று தெரிந்தால் எல்லாம் போச்சு. பாப்பா இதை அம்மாவுக்கு இரண்டு தடவை விளக்கினாள். அப்பாவிடம், ஏதோ விபத்துக்கு ஒரு பாலிசி எடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். "நல்லது, எல்லாம் விவரமா எழுதிக் குடுத்தியா?" என்று கேட்டார் அவர். "குடுத்தேம்பா" என்றாள்.

அடுத்த வெயில் வந்தது. அந்த வருஷ வெயில் மாதிரி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. கடையில் பெட்டி தங்கவில்லை, பெயிண்ட் காய்வதற்குள் ஆள் வந்து நின்றார்கள். பாப்பா காலையில் குனிந்தால் சாயங்காலம் நிமிர்ந்தாள். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வெக்கை, ஓயாத வேலை, அதனால்தான் என்று ரப்பரக்கா சாப்பாட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். அது தட்டிலேயே கிடந்தது. குழாயில் தண்ணீர் ஒரு நாள் வந்தால் நாலு நாள் வராது. வருகிற அன்று குடத்திலும் வாளியிலும் பிடித்து, சமையலுக்கு இது, கழுவ இது என்று பிரித்து வைத்திருந்தாள்.

அன்று பாப்பா கழிப்பறையிலிருந்து வந்த கையோடு யாரோ கூப்பிட்டார்கள் என்று கடைக்கு ஓடினாள். வாளியில் தண்ணீர் இல்லை. அவளுக்குப் பிறகு உள்ளே போன ரப்பரக்கா ரத்தத்தைப் பார்த்துவிட்டாள். மாதவிலக்கோ என்று ஒரு நொடி மனசு தப்பப் பார்த்தது. இல்லை. நாத்தனார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதைக் கழுவியவள் அவள்தான், அவளுக்குத் தெரியும்.

மகளைக் கூப்பிட்டுப் பின்கட்டுக் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா?"

பாப்பா கதவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "ரொம்ப நாளா இல்லம்மா."

"பாப்பா."

"மழை விட்டதுல இருந்து."

ரப்பரக்கா கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். "மூலமா இருக்கும்டி. சூட்டு உடம்பு, நாள் பூராவும் குனிஞ்ச வேலை."

"இருக்கலாம்."

"அப்போ காட்டிடலாம் வா. மூலம்னு சொல்லிட்டாங்கன்னா நிம்மதி."

"கேமரா விடாம மூலம்னு சொல்ல மாட்டாங்கம்மா. விட்டா எழுதுவாங்க, இன்ன தேதியில இன்னது பார்த்தோம்னு. அப்புறம் ஏற்கெனவே இருந்ததுன்னு ஆயிடும். வைத்தியம் எதை வெச்சுப் பார்க்கறது?"

"இலவச ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அங்க கேமராவுக்குப் பேர் குடுத்தா வருஷக்கணக்குல வரிசை. ஆனா பேர் குடுத்த அன்னைக்கே எழுதிடுவாங்க."

"வேற எங்கயாவது, தெரியாத டாக்டரா..."

"எங்க போனாலும் அடையாள அட்டைய நீட்டணும்மா, எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல ஏறிடும். எல்லாத்தையும் யோசிச்சுப் பார்த்துட்டேன். ராத்திரி பகலா அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்." பாப்பாவின் குரலில் அழுகை இல்லை. கேஸ் எங்கே போகிறது என்று தேடிக் களைத்த மாதிரி பேசினாள். "அடுத்த வெயில் வந்துட்டாப் போதும், ரெண்டு வருஷம் முடிஞ்சிடும். அதுக்கப்புறம், இன்னைக்குத்தான் வலி ஆரம்பிச்சதுன்னு போய்ப் படுத்துடறேன்."

"அதுவரைக்கும் அது உள்ள சும்மா இருக்குமா?"

மகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் போல இருந்தது ரப்பரக்காவுக்கு. ஓடி? வாடகை வீட்டு வாசலில் நாத்தனாரின் கட்டிலை இறக்கியது நினைவுக்கு வந்தது. அவர்களுக்காவது விற்க ஒரு வீடு இருந்தது. இங்கே இருப்பது அடுத்தவன் தூக்கிப் போட்ட பெட்டிகளும் வாடகைக் கடையும். போனாலும் பிள்ளை போய்விடும், போகாவிட்டாலும் போய்விடும் என்று யாரோ காதுக்குள் சொல்வது போல இருந்தது. இல்லை, மூலம்தான், மூலமாகத்தான் இருக்கும் என்று இன்னொரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. பெற்ற வயிறு இப்படியும் ஒரு கணக்குப் போடுமா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்டி. ஏதாவது வழி சொல்வார்."

"வேண்டாம்மா."

"அவர் உன்னைப் பெத்தவர்."

"அதுக்கில்ல." பாப்பா அம்மாவின் ஊறிப்போன கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் கேட்பாங்கல்ல, எப்ப இருந்து இருக்குன்னு. அப்பா சொல்லிடுவார்மா. அவரால முடியாது. மறைச்சுட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சா அவரே கம்பெனிக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடுவார். அப்புறம் அதையே நெனச்சு நெனச்சுச் செத்துடுவார். அத்தை விஷயத்துலயே பாதி செத்துட்டார்."

கடையிலிருந்து மெக்கானிக்கின் குரல் கேட்டது. யாரையோ சந்துக்குள் உட்காரவைத்து எதையோ காட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தச் சின்னப் பெட்டிக்கு ரப்பர் போட்டாச்சா? இவங்க இப்பவே கேட்கறாங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"போட்டாச்சுங்க" என்றாள் ரப்பரக்கா.

"கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

பாப்பாவின் விரல்கள் அம்மாவின் மணிக்கட்டில் இறுகின.

"ஒண்ணுமில்லைங்க. தண்ணி இல்ல, அதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

"நாளைக்கு வரும், நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் வாடிக்கையாளரோடு பேசப் போய்விட்டார். பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு உதவப் போனாள்.

அவர் அடுத்து கழிப்பறைக்குத்தான் வருவார். ரப்பரக்கா சமையலுக்கு என்று மூடி வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்து ஊற்றினாள். சுவரோரத்தில் ஒரு சொட்டு தெறித்திருந்தது, அதையும் விரலால் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் நிறமில்லாமல் ஓடிய பிறகும், குடம் காலியாகிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.